மவுன்ட் ஆகாத ஃபோல்டரும் ஃபோல்டர்தான்

விடிகாலை 3 மணிக்கு வந்த எச்சரிக்கையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிவிட்டது. ஏதோ ஒரு லாக் வீங்கியிருக்கும், இரண்டு ஃபைலை அழித்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் லேப்டாப்பைத் திறந்தேன். மூடும்போது நன்றாக விடிந்திருந்தது.

சர்வர் சின்னது. 40 ஜிபி டிஸ்க், ஒரு டேட்டாபேஸ், ஒரு வெப் அப்ளிகேஷன். தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸை டம்ப் எடுத்து, சுருக்கி, கிளவுட்டில் உள்ள ஒரு பக்கெட்டில் போட வேண்டும். அந்தப் பக்கெட்டை, கிளவுட் சேமிப்பைக் கையாளும் ஆர்குளோன் என்ற நிரல் மூலம் ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்து, அதாவது ஃபோல்டரைத் திறந்தால் பக்கெட்டே தெரியும்படி ஒட்டி வைத்திருந்தேன். ஸ்கிரிப்டுக்கு அது கிளவுட் என்றே தெரியாது. ஃபோல்டரில் ஃபைலை எழுதும், ‘பேக்கப் முடிந்தது’ என்று லாகில் ஒரு வரி போடும், போய்விடும். அந்த எளிமைக்காகத்தான் மவுன்ட் செய்வதையே தேர்ந்தெடுத்திருந்தேன்.

டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கமாண்டைப் போட்டால் 38 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாகச் சொன்னது. எது தின்கிறது என்று பார்க்க, ஃபோல்டர்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ போட்டேன். அதிலேயே ஒரு தப்பு செய்தேன். மைனஸ் எக்ஸ் ஆப்ஷன் இல்லாமல் ரூட்டிலிருந்து டியூவை ஓடவிட்டால், அது மவுன்ட் ஆகியிருக்கும் கிளவுட்டுக்குள்ளும் நுழைந்து அங்கே உள்ளதையெல்லாம் எண்ண ஆரம்பித்துவிடும். இருபது நிமிடம் கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டு, இந்த டிஸ்க்கை விட்டு வெளியே போகாதே என்று மைனஸ் எக்ஸ் சேர்த்துப் போட்டதும் சில நொடிகளில் பதில் வந்தது: 14 ஜிபி.

மீதி 24 ஜிபி எங்கே?

இப்படி டிஎஃப் ஒன்று சொல்ல, டியூ வேறொன்று சொன்னால், எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அழிக்கப்பட்டும் இன்னும் திறந்தே இருக்கும் ஃபைல்களை. ஏதாவது ப்ராசஸ் ஒரு பெரிய லாகைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஃபைலை அழித்தாலும் இடம் திரும்பி வராது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் போட்டுத் தேடினேன். ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தும் நம்பிக்கையில்லாமல் டேட்டாபேஸையும் வெப் சர்வரையும் ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு எம்பி கூடக் குறையவில்லை.

விடை, மவுன்ட் ஆகியிருந்த அதே ஃபோல்டருக்கு அடியில் இருந்தது. லினக்ஸில் மவுன்ட் பாயின்ட் என்பது தனிப் பிறவி இல்லை. சாதாரண ஃபோல்டர்தான். அதன் மேல் இன்னொரு ஃபைல் சிஸ்டத்தை ஒட்டிவைக்கிறோம். ஒட்டியிருக்கும் வரை அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒட்டாவிட்டாலும் அந்த ஃபோல்டர் இருக்கும், எழுதினால் வாங்கிக்கொள்ளும். எந்தப் புகாரும் வராது.

அடியில் எட்டிப்பார்க்க மவுன்டைக் கழற்ற வேண்டும் என்று கூட இல்லை. ரூட் ஃபைல் சிஸ்டத்தை வேறொரு காலி ஃபோல்டரில் பைண்ட் மவுன்ட் செய்தால் போதும். மவுன்ட் மைனஸ் மைனஸ் பைண்ட், பிறகு ஒரு ஸ்லாஷ், பிறகு அந்தக் காலி ஃபோல்டர், அவ்வளவுதான் கமாண்ட். சாதாரண பைண்ட் தனக்குள் இருக்கும் மற்ற மவுன்ட்களைக் கூட இழுத்துக்கொண்டு வராது. அதனால் மேலே ஒட்டியிருப்பது விலகி, அடியில் இருக்கும் நிஜ ஃபோல்டர் தெரியும். போட்டுப் பார்த்தேன். ஆறு ஃபைல்கள், ஒவ்வொன்றும் சுமார் 4 ஜிபி. ஆறு இரவுகளின் பேக்கப்.

தேதிகளைப் பார்த்ததும் கதை புரிந்துவிட்டது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பு கெர்னல் அப்டேட்டுக்காக சர்வரை ரீபூட் செய்திருந்தேன். எழுந்துவந்தபோது மவுன்ட் ஆகவில்லை. நான் கவனிக்கவில்லை. ஸ்கிரிப்ட் ஆறு நாள் உள்ளூர் டிஸ்க்கில் எழுதி, ஆறு முறை ‘பேக்கப் முடிந்தது’ என்று லாகில் போட்டிருக்கிறது. ஏழாம் நாள் தற்செயலாக நான் பார்த்து, மவுன்ட் இல்லையே என்று கையால் மவுன்ட் செய்யப் போனபோது, ஃபோல்டர் காலியாக இல்லை, பரவாயில்லையென்றால் அலோ-நான்-எம்ப்டி ஆப்ஷனைப் போடு என்று ஆர்குளோன் சொன்னது. அவசரத்தில் நானும் அதையே போட்டேன். மவுன்ட் ஆனது. ஆறு ஃபைல்களும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. நேராக வந்து உதவிய ஓர் எரர் மெசேஜை, வாயை மூடு என்று சொல்லி அனுப்பிவைத்தவன் நான்.

அந்த ஆப்ஷனை அன்றிலிருந்து தொடுவதில்லை. காலியாக இல்லை என்று வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, நகர்த்திவிட்டுத்தான் மவுன்ட். ஆறு ஃபைல்களையும் ஆர்குளோன் காப்பி கொண்டு பக்கெட்டுக்கு அனுப்பி, ஆர்குளோன் செக் போட்டு ஒப்பிட்ட பிறகே அழித்தேன்.

சரி, ரீபூட் ஆனபோது ஏன் மவுன்ட் ஆகவில்லை? ஜர்னலில் அது தெளிவாகவே இருந்தது. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் இன்னும் தயாராகாத நேரத்தில் ஆர்குளோன் கிளம்பியிருக்கிறது. சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிப்பது சிஸ்டம்டி. ஆர்குளோனை எப்போது, எப்படிக் கிளப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லும் யூனிட் ஃபைலில், ஆஃப்டர் என்ற இடத்தில் ‘நெட்வொர்க் டார்கெட்’ என்று எழுதியிருந்தேன். பெயரைப் பார்த்து ஏமாந்துபோகும் இடம் இது. நெட்வொர்க் டார்கெட் என்றால், நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் கிளம்பிவிட்டது என்றுதான் பொருள். நெட்வொர்க் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நமக்கு வேண்டியது ‘நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்’. அதை ஆஃப்டரில் மட்டும் எழுதினால் போதாது, வான்ட்ஸிலும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த டார்கெட்டை யாருமே கூப்பிடாமல் விட்டுவிடக்கூடும்.

யூனிட்டில் இன்னும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ரீஸ்டார்ட் என்ற வரியே இல்லை. ஒரு முறை தோற்றதும் அப்படியே விட்டுவிட்டது. ஆன்-ஃபெயிலியர் என்று வைத்து, 10 நொடி இடைவெளி கொடுத்தேன். இடைவெளி கொடுக்காவிட்டால் படபடவென்று ஐந்து முறை முயன்றுவிட்டு சிஸ்டம்டி கையை விரித்துவிடும். இன்னொன்று டைப். சிம்பிள் என்று இருந்தால், ப்ராசஸ் கிளம்பிய கணமே சர்வீஸ் தயார் என்று சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். மவுன்ட் உண்மையில் முடிந்திருக்காது. ஆர்குளோனுக்கு நோட்டிஃபை டைப் தெரியும். மவுன்ட் ஆன பிறகுதான் ‘நான் தயார்’ என்று சொல்லும். இந்த மவுன்டை நம்பி இருக்கும் சர்வீஸ்களை அதற்குப் பிறகு வரிசைப்படுத்தினால் முந்திக்கொண்டு ஓடாது.

அப்புறம் ஸ்கிரிப்ட். முதல் வரியிலேயே மவுன்ட்பாயின்ட் கமாண்டைப் போட்டு, மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எரரோடு வெளியேறு என்று எழுதினேன். ஃபைண்ட்எம்என்டி கமாண்டில் பெரிய டி ஆப்ஷனைப் போட்டு ஒரு பாதையைக் கொடுத்தால், அந்தப் பாதை எந்த ஃபைல் சிஸ்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். ஃபோல்டரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாமல் இதைக் கேட்பது என் பழக்கமாகிவிட்டது.

எனக்கு நேர்ந்தது டிஸ்க் நிரம்பியதோடு போயிற்று. மவுன்ட் ஆன ஃபோல்டரை மூலமாக வைத்து, ஒரு ஃபோல்டரைப் போலவே இன்னொன்றை ஆக்கும் ஆர்சிங்க்கை டெலீட் ஆப்ஷனோடு ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மவுன்ட் இல்லாத நாளில் மூலம் காலியாகத் தெரியும். மூலத்தில் இல்லாததையெல்லாம் மறுபக்கத்தில் அழித்துவிடு என்று நாமே சொல்லியிருக்கிறோம், அதுவும் சொன்னபடி செய்யும். இத்தனைக்கு மேல் அழிக்காதே என்று வரம்பு போடும் மேக்ஸ்-டெலீட் ஆப்ஷன் ஆர்சிங்க்கிலும் உண்டு, ஆர்குளோன் சிங்க்கிலும் உண்டு.

இரண்டாவது பெரிய பாடம் வேறொரு சர்வரில். அங்கே எரர் வந்தது, நன்றாகவே வந்தது: ‘டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இஸ் நாட் கனெக்டெட்’. எல்எஸ் போட்டால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி, உரிமையாளர், அளவு, தேதி எல்லா இடத்திலும் கேள்விக்குறிகள். வரிசையாகப் பல்லைக் காட்டுவது போல.

ஆர்குளோன், எஸ்3எஃப்எஸ் போன்றவை எல்லாம் ஃபியூஸ் என்ற லினக்ஸ் வசதியின் மேல் நிற்பவை. கெர்னலுக்கு இந்த மவுன்டில் என்ன இருக்கிறது என்று தானாகத் தெரியாது. ஒவ்வொரு கேள்வியையும் வெளியே இருக்கும் ஒரு சாதாரண ப்ராசஸிடம் அனுப்பிப் பதில் வாங்குகிறது. அந்த ப்ராசஸ் செத்துப்போனால் மவுன்ட் மட்டும் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது. அதைத்தான் இந்த எரர் சொல்கிறது. பலர் இதைப் பார்த்ததும் நெட்வொர்க்கைத் தோண்டப் போகிறார்கள். நானும் தோண்டினேன். ‘கனெக்டெட்’ என்ற வார்த்தை அப்படி இழுத்துவிடுகிறது. தோண்ட வேண்டிய இடம் கெர்னல் லாக்.

டிமெசேஜில் இருந்தது: மெமரி போதவில்லை, ஆர்குளோன் ப்ராசஸ் கொல்லப்பட்டது. 1 ஜிபி ரேம் உள்ள சர்வர் அது. படங்களுக்குச் சின்ன உருவம் தயாரிக்கும் ஒரு வேலை ஓடியபோது, ஒரே நேரத்தில் நாற்பது ஃபைல்களுக்கு மேல் திறந்திருக்கிறது. ஆர்குளோன் திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக பஃபர் வைத்துக்கொள்ளும். இயல்பான அளவு 16 எம்பி. நாற்பது ஃபைல் என்றால் 640 எம்பி. அந்தக் குட்டி சர்வர் என்ன செய்யும், பாவம். பஃபரை 4 எம்பிக்குக் குறைத்தேன், படவேலையை ஒரே நேரத்தில் நாலு ஃபைலுக்கு மேல் திறக்காதபடி கட்டுப்படுத்தினேன். அதற்குப் பிறகு விழவில்லை.

செத்த மவுன்டைக் கழற்ற ஃபியூசர்மவுன்ட் கமாண்டில் யூ, இசட் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். இசட் என்றால் லேஸி: இப்போதைக்குப் பெயரை எடுத்துவிடு, பிடித்திருப்பவர்கள் விட்ட பிறகு முழுதாகக் கழற்றிக்கொள் என்று பொருள். அதில் ஒரு சிக்கல். பழைய மவுன்டுக்குள் நின்றுகொண்டிருந்த ப்ராசஸ்களுக்கு, புது மவுன்ட் வந்த பிறகும் பழைய எரர்தான் வரும். நம் டெர்மினலில் எல்லாம் சரியாக இருக்கும். அப்ளிகேஷன் மட்டும் அழுதுகொண்டிருக்கும். அதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

டாக்கர் கன்டெய்னர்களிலும் இதே கூத்துதான். மவுன்ட் ஆவதற்கு முன்பே கன்டெய்னர் கிளம்பிவிட்டால், அதற்குத் தெரிவது அடியில் இருக்கும் காலி ஃபோல்டர். வெளியே நாம் பிறகு மவுன்ட் செய்தாலும் இயல்பான அமைப்பில் அது உள்ளே போய்ச் சேராது. மேல் ஃபோல்டரை ஆர்ஸ்லேவ் என்ற ப்ராபகேஷனோடு கொடுத்தால் போய்ச்சேரும். அதை விட, மவுன்டுக்குப் பிறகே டாக்கர் கிளம்பட்டும் என்று வரிசையைக் கட்டிவிடுவது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அனுமதிச் சிக்கல் ஒன்று உண்டு, முதல் முறை பார்க்கிறவர்களைத் திகைக்க வைக்கும். என் யூசரில் மவுன்ட் செய்தேன், எனக்கு எல்லாம் தெரிகிறது. வெப் சர்வருக்கு ‘பெர்மிஷன் டினைடு’. சரி என்று சூடோ போட்டு ரூட்டாகப் பார்த்தால், ரூட்டுக்கும் அதே பதில்! ரூட்டுக்கே அனுமதி இல்லையா என்று கொஞ்ச நேரம் திரையை முறைத்துக்கொண்டிருந்தேன். ஃபியூஸின் விதி அது. மவுன்ட் செய்தவரைத் தவிர வேறு யாருக்கும், ரூட் உட்பட, இயல்பில் அனுமதி கிடையாது. அலோ-அதர் ஆப்ஷன் போட வேண்டும். சாதாரண யூசர் அதைப் போட வேண்டுமானால், இடிசி ஃபோல்டரில் உள்ள ஃபியூஸ் கான்ஃபிக் ஃபைலில் யூசர்-அலோ-அதர் என்ற வரியின் முன்னால் இருக்கும் ஹாஷை எடுத்துவிட வேண்டும். மவுன்ட் செய்வது ரூட்டே என்றால் அந்த வரி தேவையில்லை. யாருடைய பெயரில் ஃபைல்கள் தெரிய வேண்டும் என்பதை யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் ஆப்ஷன்களில் சொல்லலாம். மவுன்ட் ஆன பிறகு சிமாட் போட்டு எதையாவது மாற்றலாம் என்று முயல்வது வீண்வேலை. பக்கெட்டில் அந்த அனுமதிகளை வைக்க இடமே இல்லை.

ரூட் பற்றிப் பேசும்போது இன்னொன்று: கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, சிஸ்டம்டியில் போட்டால் ‘கான்ஃபிக்கில் அந்தப் பெயரே இல்லை’ என்கிறதா? அது ரூட்டின் வீட்டு ஃபோல்டரில் தேடிக்கொண்டிருக்கிறது, உங்கள் கான்ஃபிக் உங்கள் வீட்டில் இருக்கிறது. கான்ஃபிக் ஆப்ஷனில் முழுப் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது, எனக்கு இன்றும் கொஞ்சம் கூசுகிற சம்பவம். தற்காலிகமாக ஒரு சர்வர் எடுத்து, ஒரு பெரிய தரவுத் தொகுப்பைப் பிரித்து, முடிவை பக்கெட்டுக்கு அனுப்பிவிட்டு சர்வரை அழித்துவிட வேண்டும். மவுன்ட் செய்தேன். விஎஃப்எஸ் கேஷ் மோடை ரைட்ஸ் என்று வைத்தேன். அப்படி வைக்காவிட்டால் ஃபைலின் நடுவில் போய் எழுதும் நிரல்கள் எல்லாம் முரண்டு பிடிக்கும். இயல்பான ‘ஆஃப்’ நிலையில் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் எழுதினால்தான் ஏற்கும். காப்பி செய்ய சிபி போட்டேன். 9 ஜிபி ஃபைல், சீக்கிரமே முடிந்தது. எல்எஸ் போட்டேன், ஃபைல் இருந்தது, அளவும் சரியாக இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். சர்வரை அழித்தேன்.

பக்கெட்டில் ஃபைல் இல்லை.

சிபி எழுதியது உள்ளூர் டிஸ்க்கில் இருந்த கேஷில். ஃபைலை மூடிய 5 நொடி கழித்துத்தான் ஆர்குளோன் மேலே ஏற்றவே ஆரம்பிக்கும். எல்எஸ் காட்டியதும் அந்தக் கேஷை வைத்துத்தான். ஏறிக்கொண்டிருக்கும்போதே காலடியில் இருந்த சர்வரை நான் இழுத்துவிட்டேன். சர்வர் வெறுமனே ரீபூட் ஆகியிருந்தால் பிரச்சினை இல்லை. அதே ஆப்ஷன்களோடு மறுபடி கிளம்பும்போது, ஏற்றாமல் விட்டதை ஏற்றிவிடும். ஆனால் கேஷ் இருந்த டிஸ்க்கே போய்விட்டதே. இரண்டு நாள் வேலையை மறுபடி ஓட்டினேன்.

அதிலிருந்து, போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியை மவுன்டிடம் கேட்பதில்லை. ஆர்குளோன் எல்எஸ்எல் கமாண்டை நேரடியாக பக்கெட்டை நோக்கிப் போடுகிறேன். முக்கியமானதாக இருந்தால் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து போடுகிறேன். கேஷுக்குத் தனி டிஸ்க் அல்லது பார்ட்டிஷன், அதற்கு மேக்ஸ்-சைஸ் வரம்பும். வரம்பு இயல்பில் கிடையாது, அதனால் பெரிய ஃபைல்களை எழுத எழுத ரூட் டிஸ்க் நிரம்பி, மறுபடியும் 3 மணி எச்சரிக்கை. ஒரே பக்கெட்டுக்கு ஒரே கேஷ் ஃபோல்டரில் இரண்டு ஆர்குளோன்களை மவுன்ட் செய்யவும் கூடாது. இரண்டும் ஒன்றன் காலை ஒன்று வாரிவிடும்.

நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் வகைக் கிளவுட் சேமிப்பில் தொல்லை வேறு முகம் காட்டும். எரர் வராது, பதிலே வராது. ஒரு நாள் ஒரு சர்வரின் லோட் ஆவரேஜ் 60-ஐத் தாண்டியிருந்தது, சிபியூவோ சும்மா இருந்தது. பிஎஸ் போட்டால் டி நிலையில், அதாவது சேமிப்பின் பதிலுக்குக் காத்து உறைந்த நிலையில், வரிசையாக ப்ராசஸ்கள். டிஎஃப் போட்டேன், அதுவும் போய் அந்த வரிசையில் உட்கார்ந்துகொண்டது. இன்னொரு டெர்மினல், இன்னொரு எல்எஸ், அதுவும் போயிற்று. இப்படி நேரத்தில் மவுன்டைத் தொடும் எந்தக் கமாண்டையும் போடக்கூடாது. ப்ராக் ஃபோல்டரில் மவுன்ட்ஸ் என்ற ஃபைலைப் படிக்கலாம், அது கெர்னலின் நினைவிலிருந்து வருவது, தொங்காது. டிஎஃப் வேண்டுமானால் எல் ஆப்ஷனோடு, உள்ளூர் டிஸ்க்குகளை மட்டும்.

காரணம் அற்பம். யாரோ ஃபயர்வால் விதிகளை ‘சுத்தம்’ செய்தபோது என்எஃப்எஸ் பயன்படுத்தும் 2049 போர்ட்டை மூடியிருந்தார்கள். திறந்த ஒரு நிமிடத்துக்குள் எல்லா ப்ராசஸ்களும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன, ஒன்றையும் ரீஸ்டார்ட் செய்யவில்லை. ஹார்ட் மவுன்டின் குணம் அது, எத்தனை நேரமானாலும் காத்திருக்கும். இந்தத் தொங்கலுக்குப் பயந்து சாஃப்ட் என்று மாற்றச் சொல்லுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாஃப்ட் என்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதும் நிரலுக்கே எரரைத் திருப்பிவிடும். அந்த எரரைச் சரியாகக் கையாளாத நிரல் பாதி ஃபைலை விட்டுவிட்டுப் போகும். தொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, பாதி ஃபைல் தெரிவதில்லை. கண்காணிப்பு ஸ்கிரிப்டில் மட்டும் மவுன்டைத் தொடும் ஒவ்வொரு கமாண்டுக்கும் முன்னால் டைம்அவுட்டைப் போட்டு, கில் சிக்னலையே அனுப்பச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒன்றாகக் கண்காணிப்பும் வரிசையில் போய் நிற்கும்.

பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுன்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைல் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். நெட்வொர்க் வழி வரும் எதையும் அதில் எழுதினால் நோஃபெயில், நெட்டெவ் இரண்டும் கூடவே இருக்கட்டும். இரண்டும் இல்லாமல் ஒரு வரி எழுதி, ரீபூட் செய்து, சர்வர் எமர்ஜென்சி மோடில் போய் நின்று, எஸ்எஸ்ஹெச் வராமல், கன்சோல் வழியாக உள்ளே போய் அந்த வரிக்கு முன்னால் ஹாஷ் போட்ட அனுபவம் ஒரு முறை போதும். எழுதியதும் ஃபைண்ட்எம்என்டி வெரிஃபை போட்டால் எழுத்துப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் போட மறந்தால், நீங்கள் திருத்தியது ஒன்றும் சிஸ்டம்டி வைத்திருப்பது வேறொன்றுமாக இருக்கும். விண்டோஸ் பாணிப் பகிர்வான சிஐஎஃப்எஸ் மவுன்டில் ‘தவறான ஃபைல் சிஸ்டம் வகை, தவறான ஆப்ஷன்’ என்று நீளமாகப் பயமுறுத்தினால், பெரும்பாலும் சிஐஎஃப்எஸ்-யூட்டில்ஸ் பேக்கேஜ் இல்லை என்பதுதான் விஷயம். அது இருந்தும் பதில் வராமல் நின்றால் 445 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல இணைய நிறுவனங்கள் வெளியே போகும் வழியிலேயே அதை அடைத்து வைத்திருக்கின்றன.

மவுன்ட் சரியில்லை என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் மவுன்டை மறந்துவிடச் சொல்கிறேன். மவுன்ட் இல்லாமல், ஆர்குளோன் எல்எஸ்டி போட்டு பக்கெட்டின் ஃபோல்டர் பட்டியல் வருகிறதா? வராவிட்டால் ஃபியூஸை நோண்டிப் பயனில்லை. அடியில் நெட்வொர்க், கடிகாரம், சாவி ஆகிய மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. கடிகாரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. எஸ்3-க்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் நேரத்தோடு கையெழுத்திடப்படுகிறது. 15 நிமிடத்துக்கு மேல் தள்ளியிருந்தால் மறுத்துவிடும். பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய ஒரு விர்ச்சுவல் மெஷினில் 403, அதாவது அனுமதி மறுப்பு, வருகிறதே என்று ஒரு முழு மதியமும் சாவியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் டைம்டேட்சிடிஎல் போட்டபோது மெஷின் நேற்றில் இருந்தது.

சாவியில் ஒரு விசேஷ வகை: சரியாக ஒரு வாரம் வேலை செய்து நின்றுபோவது. கூகுள் டிரைவுக்குச் சொந்தமாக கிளையன்ட் ஐடி எடுத்து, அனுமதித் திரையை ‘டெஸ்டிங்’ நிலையிலேயே விட்டுவிட்டால், ரிஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும். வாராவாரம் அதே கிழமையில் மவுன்ட் விழுந்தால் இதைப் பாருங்கள். ‘ப்ரொடக்‌ஷன்’ நிலைக்கு மாற்றி மறுபடி அனுமதி வாங்கினால் தீர்ந்துவிடும். சர்வரில் பிரவுசர் இல்லையே என்றால், பிரவுசர் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் ஆர்குளோன் ஆத்தரைஸ் ஓட்டி, வரும் டோக்கனைக் கொண்டுவந்து ஒட்டலாம்.

பட்டியல் வந்து, மவுன்ட் மட்டும் வரவில்லை என்றால்தான் ஃபியூஸ் பக்கம் போக வேண்டும்: ஃபியூஸ்3 பேக்கேஜ் இருக்கிறதா, ஃபோல்டர் காலியா, பழைய செத்த மவுன்ட் தொங்குகிறதா. அப்போதும் டீமன் ஆப்ஷனைப் போட்டுப் பின்னணியில் ஓட்டாமல், முன்னால் வைத்து, இரண்டு வி போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னணியில் ஓடினால் எரரும் பின்னணிக்கே போய்விடும்.

சொல்ல மறந்தது: யாரும் தொடாத மவுன்டில் தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கோரிக்கைகள் குவிந்தால், அப்டேட்டிபியைப் பாருங்கள். லோகேட் கமாண்டுக்காக ஃபைல்களை எண்ணும் வேலை அது. உங்கள் பக்கெட் முழுவதையும் தினமும் நடந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதன் கான்ஃபிக்கில் ப்ரூன்எஃப்எஸ் வரிசையில் ஃபியூஸ் புள்ளி ஆர்குளோன் என்று சேர்த்துவிட்டால் விட்டுவிடும்.

பேக்கப்புக்கு நான் இப்போது மவுன்டே வைப்பதில்லை. டம்ப்பை பைப் வழியாக ஆர்குளோன் ஆர்கேட்டுக்குத் தள்ளினால் நேராக பக்கெட்டில் போய் விழுகிறது. போகவில்லையென்றால் எரர் வருகிறது. பைப்ஃபெயிலை மட்டும் ஆன் செய்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டம்ப் பாதியில் செத்தாலும் வெற்றி என்று சொல்லும். எழுதுவது மட்டுமே வேலையாக இருக்கும் இடத்தில் மவுன்ட் என்பது தேவையில்லாத ஒரு நடுவர்.

வெப் அப்ளிகேஷனில் ஏறும் படங்களுக்கு மட்டும் மவுன்ட் இன்னும் இருக்கிறது. அங்கே ஒரு சின்ன வேலை செய்திருக்கிறேன். மவுன்டைக் கழற்றிவிட்டு, அடியில் இருக்கும் காலி ஃபோல்டருக்கு, அதை மாற்ற முடியாதபடி பூட்டும் சிஹெச்ஆட்டர் ப்ளஸ் ஐ போட்டேன். இனி அந்த ஃபோல்டரில் ரூட்டால் கூட ஒரு ஃபைலை உருவாக்க முடியாது. மேலே மவுன்ட் ஆவதை அது தடுப்பதில்லை, மவுன்ட் ஆன பிறகு எழுதுவதையும் தடுப்பதில்லை. மவுன்ட் செய்வது ரூட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சாதாரண யூசர் என்றால், எழுத அனுமதி இல்லாத ஃபோல்டரில் மவுன்ட் செய்ய ஃபியூசர்மவுன்ட் விடாது.

போன மாதம் படம் ஏறவில்லை என்று ஒரு புகார் வந்தது. அப்ளிகேஷன் லாகில் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்’ என்று முதல் வரி பத்து நிமிடத்துக்கு முன்புதான் விழுந்திருந்தது. ஆர்குளோன் எல்எஸ்டி போட்டேன், 403. கடிகாரம் சரி. பக்கெட்டின் சாவியை யாரோ மாற்றிவிட்டு, இந்த சர்வரில் புதுசைப் போட மறந்திருக்கிறார்கள். போட்டேன், சர்வீஸைக் கிளப்பினேன், ஒரு படத்தை ஏற்றி பக்கெட்டில் நேரடியாகப் பார்த்தேன். பிறகு ரூட்டை பைண்ட் மவுன்ட் செய்து அடியிலும் ஒரு முறை எட்டிப்பார்த்தேன். காலியாக இருந்தது.